ஆற்றுவாய்ச் சுங்கச் சண்டைகள்: எழுதும்போது எங்கெங்கே தவறுகிறோம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கத்தில் உள்ளூர் வரலாறு எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் தோட்டத்தைப் பற்றி எழுதுவார்கள், இல்லையென்றால் கோயிலைப் பற்றி. இந்த முறை மாணவர் குழு ஒன்று சுங்கவரித் தகராறுகளை எடுத்துக்கொண்டது. எல்லைப்புற ஊருக்குப் பொருத்தமான தலைப்பு. ஆனால் அவர்களின் வரைவில் கண்ட பிழைகள் நம் பெரியவர்கள் எழுதும் ஆண்டுமலர்க் கட்டுரைகளிலும் தவறாமல் இருப்பவை. அதனால் பொதுவாகவே சொல்லிவைக்கிறேன்.

முதலில், பாட்டி சொன்னதையும் பழைய சுங்கத்தையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். பினாங்குத் தீவில் மலிவாகத் துணி வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு பெர்ரியில் கஸ்டம்காரனைத் தாண்டி வந்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. சுவையான கதைதான், பதிவு செய்யுங்கள். ஆனால் பினாங்கு தன் தீர்வையற்ற நிலையை இழந்தது 1969-இல். பாட்டி சொல்வது அதற்கு முந்திய சில பத்தாண்டுகளின் கதை. அங்கே வரி, வாங்கிய பொருள் வந்து சேரும் இடத்தில். நீங்கள் எழுத வந்ததோ வழியில் போகிற சரக்கை மறித்துக் கேட்ட வரி. இரண்டுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

வழியில் மறிப்பது எப்படி இருந்தது என்பதற்கு நம்மவர்களையே உதாரணம் காட்டலாம். 1641-இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வரும் கப்பல்கள் மலாக்காவுக்கு வந்து சுங்கம் கட்டிச் சீட்டு வாங்கவேண்டும் என்று நெருக்கினார்கள். கெடாவுக்கோ பேராக்குக்கோ போகிற கப்பலுக்கும் இதே விதி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவன் கெடாவைத் தாண்டித் தெற்கே மலாக்கா வரை போய், வரி கட்டி, மறுபடி வடக்கே திரும்பவேண்டும். அந்த ஊரில் ஒரு மூட்டைகூட இறக்காதவனிடம் கேட்ட பணம் அது. சூலியா வணிகர்கள், அதாவது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், இதைத் தட்டிக்கழிக்கப் பார்த்ததில் வியப்பென்ன? கெடா அரண்மனையில் அரச வணிகராகவே இருந்த சூலியாக்கள் உண்டு. தோட்டத்துக்கு ஆள் எடுத்ததில்தான் இந்த மண்ணில் தமிழர் கதை தொடங்குகிறது என்று எழுதுவது தனிப் பிழை, அதை இங்கே விரிக்கவில்லை.

அடுத்தது பெரிய பிழை. பினாங்கு, சிங்கப்பூர் என்று வந்ததும் கை தானாக எழுதிவிடும்: "ஆங்கிலேயர் வரியில்லாத் துறைமுகம் அமைத்து வணிகத்தை வளர்த்தனர்." குழுவில் ஒரு பெண், "வரியே இல்லைன்னா வெள்ளைக்காரனுக்குக் காசு எங்கிருந்து வந்துச்சுங்கய்யா?" என்று கேட்டாள். கட்டுரையில் முதலில் வரவேண்டிய கேள்வி அதுதான். அபின், சாராயம், சூதாட்டம் இவற்றின் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைப் பணத்தில் ஆட்சி நடத்தினார்கள். கப்பல் சரக்குக்கு விலக்கு, கூலிக்காரன் பிடித்த அபினுக்கு வரி. சுமை எந்தத் தோளிலிருந்து எந்தத் தோளுக்கு மாறியது என்று எழுதாமல் "வரியில்லை" என்று முடிப்பது அரைக்கதை.

மீதிக் கதை கெடாவுடையது. பினாங்கில் கப்பல் ஒதுங்கினால் கெடாவின் துறைகளுக்கு வருமானம் போகும் என்பது சுல்தான் அப்துல்லாவுக்கு முன்பே தெரியும். அதற்கு ஈடாக அவர் ஆண்டுக்கு 30,000 டாலர் கேட்டார். ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786-இல் தீவில் கொடி ஏற்றினார். 1791-இல் நடந்த மோதலுக்குப் பின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது 6,000. எதிரே கரைப்பகுதியையும் கொடுத்த 1800-இல் அது 10,000 ஆனது. எல்லாப் பாடநூலிலும் இருக்கிற எண்கள்தாம். ஆனால் நம் கட்டுரைகளில் இவை "வாடகை" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சுங்க வருமானம் போனதற்கான நட்டஈட்டுப் பேரம் இது என்று சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

மூன்றாவது, இன்றைய வரைபடத்தை அன்றைக்கு விரித்துவைப்பது. "மலாயாவில் ஆங்கிலேயர் விதித்த சுங்கம்" என்று கெடாவைப் பற்றி 1850-க்கு எழுத முடியாது. சயாம் படை 1821-இல் கெடாவைப் பிடித்தது. கெடா ஆங்கிலேயர் பக்கம் வந்தது 1909-இல். இடையில் 1826-இல் ஆங்கிலேயத் தூதர் பர்னி செய்துகொண்ட ஒப்பந்தம் சயாமோடு, கெடா சுல்தானோடு அல்ல. அவர் அப்போது பினாங்கில் அகதி. அதன் 13-ஆம் பிரிவை மட்டும் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பினாங்கு மக்களும் அங்கே வரும் கப்பல்களும் கெடாவில் வாங்கும் மாடு, எருமை, கோழி, மீன், நெல், அரிசிக்குச் சயாம் வரி போடக்கூடாது. ஆற்றுவாய்களைக் குத்தகைக்கு விடக்கூடாது. மற்றபடி நியாயமான ஏற்றுமதி, இறக்குமதித் தீர்வை வாங்கிக்கொள்ளலாம். கோழி முதற்கொண்டு பட்டியல் போடுகிறார்கள் என்றால், பினாங்கின் சாப்பாடு யார் கையில் இருந்தது என்று புரிகிறதல்லவா? ஆற்றுவாய் ஏன் தனியாக வருகிறது என்பதற்கும் நம் ஊரிலேயே விடை இருக்கிறது. கூலிம் ஆறு பிறை ஆற்றோடு சேர்ந்துதான் கடலுக்குப் போகிறது. மேல்நீர் கெடாவில், வாய் வெள்ளையர் கையில். படகுதான் வண்டி என்றிருந்த காலத்தில் வாயை வைத்திருப்பவனிடம்தான் பூட்டும் சாவியும்.

இதையே தெற்கே கொண்டுபோனால் நான்காவது பிழை தெரியும்: மலாய்த் தலைவர்களை வழிப்பறிக்காரர்களாக எழுதுவது. சுங்கை ஊஜோங் (இன்றைய சிரம்பான் பக்கம்) ஈயம் லிங்கி ஆறு வழியாக மலாக்காவுக்குப் போனது. வழியில் ஒவ்வொரு முனையிலும் ஒரு தலைவர், ஒரு மரக்கோட்டை, ஒரு வரி. மலாக்கா வணிகர்கள் அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களில் இது கொள்ளையாகத் தெரியும். தெரியத்தானே செய்யும், பணம் கட்டினவர்கள் அவர்கள். தலைவர்களுக்கோ ஆட்களை வைத்துக் காப்பாற்ற அந்த ஆற்று வருமானம்தான் வழி. சம்பளமா வந்தது அவர்களுக்கு?

கிள்ளானில் நடந்தது இன்னும் தெளிவானது. ராஜா அப்துல்லா கிள்ளானின் வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான ரீட், டான் கிம் சிங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். அரச வழியில் வந்த ராஜா மஹ்டி, தான் கொண்டுவந்த அபினுக்கு வரி கட்டமாட்டேன் என்றார். 1867-இல் மூண்ட சண்டை 1874 வரை சிலாங்கூரை உலுக்கியது. வரி எத்தனை விழுக்காடு என்பதற்காக யாரும் அத்தனை ஆண்டு அடித்துக்கொள்ளவில்லை. வசூலிக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. பிள்ளைகளின் வரைவில் ஐந்து பக்கம் வரி விகித அட்டவணை இருந்தது, "வசூலித்தவர்" என்று ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டம் இல்லாத அட்டவணை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐரோப்பியர் தமக்குள் போட்ட சண்டையையும் விட்டுவிடாதீர்கள். 1824 ஆங்கில-டச்சு ஒப்பந்தம் என்றால் மலாக்காவும் பெங்கூலனும் கைமாறிய கதையோடு நிறுத்திவிடுகிறோம். அதே ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு, ஒரு நாட்டார் தம் துறைமுகத்தில் தம் மக்களிடம் வாங்கும் தீர்வையைப்போல் இரு மடங்குக்கு மேல் மற்றவரிடம் வாங்கக்கூடாது என்கிறது. அந்த ஆண்டிலேயே ஜாவாவில் டச்சுக்காரர்கள் மேற்கத்தியத் துணிக்கு 25 விழுக்காடு, அதே துணி சிங்கப்பூர் போன்ற கீழைத் துறைமுகம் வழியாக வந்தால் 35 விழுக்காடு என்று விதித்திருந்தார்கள். அந்தப் பத்து விழுக்காடு வந்த வழிக்காக மட்டும்.

அளவைகளில் சுருக்கமாக: பிக்கல் என்பது 100 காட்டி, ஏறத்தாழ 60 கிலோ. பாரம் என்ற பழைய எடை ஊருக்கு ஊர் மாறும், அதனால் கிலோவுக்கு மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். பழைய ஆவணத்து டாலர் பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி. நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) டாலர் நாணயம் 1903-இல்தான் வந்தது. இன்றைய ரிங்கிட்டுக்கு மாற்றிக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஆங்கிலேயர் எழுதிவைத்ததை மட்டுமே சான்றாகக் கொள்வது. கெடா தரப்புக் கடிதங்களும் இருக்கின்றன. 1882 முதல் 1943 வரையிலான கெடா சுல்தானின் கடிதத் தொகுப்பை யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. குத்தகை, எல்லை, அபின் என்று தேடினால் கிடைக்கும். பல ஜாவியில், அதாவது மலாய் எழுதும் அரபு எழுத்தில் உள்ளவை, நம் பிள்ளைகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அரிது. குழுவில் ஜாவி படிக்கும் மலாய் நண்பர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது தேடி ஓடாதீர்கள்.