மஞ்சள் கடுதாசிக்கு முந்தைய நாள்

கும்பகோணத்தில் பதினெட்டு வருஷம் அரசுத் தரப்பு வழக்கறிஞராக நின்றேன். கடைசி ஏழு வருஷம் நிதி நிறுவன மோசடி, திவால், கம்பெனிக் குற்றம் ஆகியவற்றுக்கென்று ஒரு சின்ன அணியை நடத்தினேன். பொறுப்பை விட்டு வந்த பிறகு, அதே வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்து, "எங்கேருந்து ஆரம்பிக்கணும் அம்மா?" என்று கேட்டார். இரண்டு காபி குடிக்கும் நேரம் பேசினேன். போதவில்லை. அன்றைக்குச் சொன்னதும் சொல்ல விட்டதும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் தோற்ற வழக்கைச் சொல்கிறேன்.

பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலை. இரண்டு பேர் கூட்டு. சம்பா அறுவடை முடிந்த தை மாதம் விவசாயிகளிடம் கடனுக்கு நெல் எடுத்தார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பதற்கு இது மேல் என்று பலரும் கொடுத்துவிட்டார்கள். மாசியில் பணம் என்றார்கள், அப்புறம் பங்குனி என்றார்கள். சித்திரையில் மஞ்சள் கடுதாசி வந்தது. நம் பக்கம் ஐ.பி. நோட்டீஸுக்கு அதுதான் பெயர். 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் கடனாளி தன்னை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லிப் போடும் மனு. மோசடி வழக்கு என் கைக்கு வந்தது. நாற்பத்து மூன்று விவசாயிகளைக் கூண்டில் ஏற்றினேன். எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள், சிலர் அழுதார்கள். கடைசியில் நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "தையில் நெல் வாங்கும்போதே பணம் தரக்கூடாது என்ற எண்ணம் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. விடுதலை.

ஆறு மாதம் கழித்து வேறு ஒரு வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தபோது அந்த ஆலைக்காரர் பெயர் கண்ணில் பட்டது. மார்கழி மாதமே வீட்டையும் நஞ்சையையும் மனைவி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதியிருந்தார். நெல் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்! நான் வாதாடிய நீதிமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பத்திரம் இருந்தது. நான்தான் போகவில்லை.

தொழில் நொடிப்பது குற்றமில்லை. மழை பொய்க்கும், விலை விழும், மேட்டூர் ஜூன் 12இல் திறக்காமல் போகும். கடன் வாங்கியவனை எல்லாம் கூண்டில் ஏற்றினால் டெல்டாவில் பாதிப் பேர் அங்கேதான் நிற்க வேண்டும். இனித் தேறாது என்று தெரிந்த பிறகும் ஊர்ப் பணத்தை வாங்கினாரா, தெரிந்த பிறகு சொத்தை ஒளித்தாரா என்பதுதான் கேள்வி. ஆகவே உங்கள் அணி கண்டுபிடிக்க வேண்டியது ஒரு தேதி. நாங்கள் அதற்கு 'தெரிந்த நாள்' என்று பெயர் வைத்திருந்தோம். கட்டு வந்ததும் முதல் வாரத்தில் வேறு எதுவும் செய்யாதீர்கள். ஒரு நீள நோட்டில் தேதி வாரியாக எழுதுங்கள்: பணம் வந்த நாள், போன நாள், பத்திரம் பதிந்த நாள், செக் திரும்பிய நாள், வேலையாட்களுக்குச் சம்பளம் நின்ற நாள். அந்த நோட்டை அணித் தலைவர் தன் கையால் எழுத வேண்டும். ஜூனியரிடம் கொடுத்தால் அழகாக டைப் அடித்துத் தருவார், உங்கள் தலையில் ஒன்றும் ஏறாது.

அந்தத் தேதி எங்கே கிடைக்கும்? கணக்குப் புத்தகத்தில் அநேகமாகக் கிடைக்காது. அது எழுதியவர் விருப்பப்படி இருக்கும். பிறர் எழுதிய காகிதத்தில் தேடுங்கள். பின்னால் வந்த இன்னோர் ஆலை வழக்கில், வங்கிக்கு மாதா மாதம் கொடுத்த இருப்புப் பட்டியலில் நெல்லும் அரிசியும் குவிந்து கிடந்தன. எங்கள் அணியில் இருந்த பி.காம். படித்த பெண் மின்வாரியத்தில் போய் ரீடிங் வாங்கி வந்தாள். ஐந்து மாதமாக ஆலை ஓடவே இல்லை. ஓடாத ஆலையில் அரிசி எப்படி வந்தது? அந்த ஒரு தாளில் வழக்கு பாதி முடிந்தது. லாரி வாடகைச் சீட்டு, எடைமேடை ரசீது, வாட்ச்மேன் கையெழுத்து நோட்டு என்று எதுவானாலும் சரி, குற்றம் சாட்டப்பட்டவர் கை படாத காகிதமாக இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்தச் சட்டத்தில் நிற்கிறோம் என்பது. இதில் நிறைய பேர் வழுக்குகிறார்கள். கம்பெனி என்றதும் போலீஸ் ஆர்வத்தில் கம்பெனிச் சட்டம் 447ஆம் பிரிவையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிடுவார்கள். தண்டனை பெரிது, பத்து வருஷம் வரை. ஆனால் தீவிர மோசடி விசாரணை அலுவலகத்தின் இயக்குநரோ, மத்திய அரசு அதிகாரமளித்த அதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கையில் எடுக்கும். 2016ஆம் வருஷத்து நொடிப்பு, திவால் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளும் இப்படித்தான். நொடிப்பு வாரியமோ மத்திய அரசோ புகார் தர வேண்டும். மாநில அரசுத் தரப்பு அணிக்கு அந்தக் கதவு பூட்டிய கதவு. இதை முதல் வாரமே இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் எதிர்த் தரப்பு சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வது அசிங்கம்.

நாம் ஊன்றி நிற்கிற இடம் 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது வந்த சட்டம். 2011இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. கறாரான சட்டம். வைப்புத் தொகையைத் திருப்பித் தரத் தவறினாலே குற்றம், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்குப் பத்து வருஷம் வரை சிறை. 'தெரிந்த நாள்' இங்கே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். இங்கே சண்டை வேறு மாதிரி வரும். "நான் டைரக்டர்தான், ஆனால் போன வருஷமே ராஜினாமா செய்துவிட்டேன்", "என் மனைவி கையெழுத்து மட்டும் போட்டாள்" என்பார்கள். யார் எந்தத் தேதியில் நிர்வாகத்தில் இருந்தார் என்பதற்கு உங்கள் நோட்டுதான் விடை. ராஜினாமாக் கடிதத்தில் உள்ள தேதியை நம்பாதீர்கள், அது கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான தேதியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம் இருந்த வழக்கைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் இப்போது புதிதாக வந்திருக்கிறது. 2024 ஜூலை 1இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முன் நடந்த ஏமாற்றுக்குப் பழைய 420, பின் நடந்ததற்குப் புதிய 318. சீட்டு 2023இல் தொடங்கி 2025இல் கவிழ்ந்திருந்தால் வைப்புதாரர்களைப் பணம் கட்டிய தேதி வாரியாக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு வனையும் நாளில் பிரிக்கலாம் என்று விட்டால் அன்றைக்கு வாய்தாதான்.

அணி என்று சொன்னேன், எத்தனை பேர்? எனக்குக் கிடைத்தது இரண்டு வக்கீல், அந்த பி.காம். பெண், ஒரு குமாஸ்தா. போதும். ஒருவருக்குச் சொத்து மட்டும். பட்டா, சிட்டா, வில்லங்கம், ஜப்தி அரசாணை, மாவட்ட வருவாய் அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவருக்குச் சாட்சிகள். கணக்கு பி.காம். பெண்ணுக்கு. குமாஸ்தாவை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எந்தச் சான்றாவணம் எந்தக் கட்டில் எத்தனையாவது பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்ட அன்று நான் கோர்ட்டில் திணறிய கதை தனியாக எழுத வேண்டியது.

போலீஸோடு உறவு நயமாக இருக்க வேண்டும், ஆனால் அவர்கள் வேலையை நாம் செய்யக்கூடாது. விசாரணை அவர்களுடையது. சட்டத்தில் என்ன இல்லை, எந்தக் கண்ணி விட்டுப்போகிறது என்று எழுத்தில் சொல்லலாம். இன்னாரைச் சேர், இன்னாரை விடு என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் கணக்கை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்: குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும் நாள். வைப்பீட்டாளர் சட்டத்தில் தண்டனை 'பத்து வருஷம் வரை' என்பதால் அது மட்டும் இருந்தால் அறுபது நாள். குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருஷம் என்றால்தான் தொண்ணூறு நாள் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அரசு ஊழியர், வங்கியர், முகவர் போன்றோர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கான பழைய 409 போல ஆயுள் வரை போகும் பிரிவு பொருந்தினால் தொண்ணூறு. பொருந்தாத 409ஐ நாள் வாங்குவதற்காகச் சேர்க்கிற பழக்கம் உண்டு. வேண்டாம். நீதிபதிக்கு அது தெரியும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கம்ப்யூட்டர் சான்றுக்கு இரண்டே வார்த்தை. ஹார்டு டிஸ்க்கை எடுத்த அன்றே ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே எதை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும் எண்ணைக் குறித்து, புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழின் இரண்டு பாகங்களையும் வாங்கிவிடுங்கள். கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒரு பாகம், நிபுணர் ஒரு பாகம். மூன்று வருஷம் கழித்துத் தேடினால் அந்த அக்கவுண்டன்ட் துபாயில் இருப்பார்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் மாவட்டத்து வைப்பீட்டாளர் வழக்குக்கு மதுரையில் உள்ள சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கும்பகோணத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால்தான் கோர்ட் கூடும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். எழுபது வயது அம்மாவை அப்படி அழைத்துப்போய், வாய்தா என்று திருப்பி அனுப்பினால் அடுத்த முறை வரமாட்டார். ஆகவே ஆனி, ஆடியில் குறுவை நடவு, தை, மாசியில் அறுவடை, ஐப்பசி, கார்த்திகையில் மழை என்று பார்த்துச் சாட்சி நாள் கேளுங்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால் எந்த நீதிபதியும் மறுத்ததில்லை. வயதானவர்களை முதலில் விசாரியுங்கள். எல்லா வைப்புதாரரையும் ஏற்றாதீர்கள். 'தெரிந்த நாளுக்கு' முன் கட்டியவர் சிலர், பின் கட்டியவர் சிலர் போதும். பின் கட்டியவர்தான் உங்கள் வழக்கின் உயிர்.

அவர்களைத் தயார் செய்கிறேன் என்று வாக்குமூலத்தை மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர் குறுக்கு விசாரணையில், "வட்டிக்கு ஆசைப்பட்டுத்தானே போட்டீங்க?" என்று கேட்டதற்கு, "ஆமாம் சாமி, ஆசைப்பட்டேன். அவுங்க குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஆசைப்பட்டிருப்பேனா?" என்றார். எந்த வக்கீல் எழுதிக் கொடுத்தாலும் இப்படி வராது.

எதிர்த் தரப்பு ஒரு நாள் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு வந்து, நொடிப்பு நடவடிக்கை முடியும் வரை கம்பெனி மேல் வழக்கு நடத்தக்கூடாது என்ற தடைக்காலம் ஓடுகிறது, வழக்கை நிறுத்துங்கள் என்பார்கள். பதறாதீர்கள். செக் வழக்கில்கூட அந்தத் தடை கம்பெனிக்குத்தான், இயக்குநர்களுக்கு இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனி புதிய கைக்கு முறையாக மாறிவிட்டால் நொடிப்பு, திவால் சட்டத்தின் 32அ பிரிவின் கீழ் கம்பெனி பழைய குற்றத்திலிருந்து விடுபடலாம், குற்றத்தை நடத்திய ஆட்கள் விடுபட முடியாது. நொடித்த கம்பெனியை நடத்தத் தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணரின் பரிவர்த்தனைத் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். உறவினருக்குச் சலுகையாகப் போன பணத்தை அவர்கள் இரண்டு வருஷம் பின்னோக்கிப் பார்த்திருப்பார்கள், உங்கள் நோட்டுக்குப் பத்துப் பக்கம் கிடைக்கும். ஆனால் அந்த அறிக்கையைத் தூக்கி நீதிபதி மேசையில் வைத்தால் சான்று ஆகாது. தயாரித்தவர் கூண்டில் வந்து சொல்ல வேண்டும்.

நமக்குப் பாதகமான காகிதம் ஒன்று எப்போதும் இருக்கும். அதையும் எதிர்த் தரப்புக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு வழக்கில் முதலாளி 'தெரிந்த நாளுக்கு' அப்புறமும் மகள் நகையை விற்றுக் கம்பெனிக்குள் பணம் போட்டிருந்தார். என் ஜூனியர் அதைக் கட்டின் அடியில் சொருகப் பார்த்தார். நாங்களே எடுத்துக் கொடுத்தோம். தேதி தவறு என்று புரிந்தது, நான்கு மாதம் தள்ளிப் போட்டு வழக்கை மறுபடி கட்டினோம். தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டிலும் நின்றது.

இந்த வேலை புதிதல்ல. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஊர்ப் பணம் போனது. ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடன்காரர்கள் பக்கம் நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் திருவிடைமருதூர்க்காரர். மறு வருஷம் இந்தியன் வங்கி தொடங்க முன்னால் நின்றவரும் அவர்தான். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் திருவிடைமருதூர் பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஜூனியர்களுக்கு இதை நூறு தடவை சொல்லிச் சலிப்பேற்றியிருக்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று அணி கலைந்துவிடும், எல்லோருக்கும் அடுத்த கட்டு காத்திருக்கும். அதற்கு முன் அணியில் சொத்து வேலை பார்த்தவரை உட்காரவைத்து, ஜப்தியான ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலை என்ன, ஏலம் எந்தக் கட்டத்தில், யார் ஆட்சேபம் போட்டிருக்கிறார் என்று இரண்டு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். வைப்புதாரர்களின் அசல் பாண்டுகள் மேல்முறையீடு முடியும் வரை கோர்ட்டில்தான் இருக்கும், ஆளுக்கொரு நகல் கொடுத்து அனுப்புங்கள். தண்டனை எத்தனை வருஷம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே வராந்தாவில் "எப்பம்மா பணம் குடுப்பாங்க?" என்றுதான் கேட்பார்கள். வருவாய் அலுவலகத்தில் எந்தப் பிரிவு, எந்த மேசை, எந்தக் கோப்பு எண் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி, ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுங்கள்.