டர்பனில் ஆடிப்பட்டம் கிடையாது: கோடைத் தொடக்கத்தில் தோட்டத்தில் தவிர்க்க வேண்டியவை

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஊர் யூடியூப் சேனலில் யாராவது சொல்ல, அதை நம்பி ஜூலை கடைசியில் வெண்டை விதையை ஊன்றுகிறவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்னும் இருக்கிறார்கள். இங்கே ஆடி என்பது குளிர்காலம், மழையும் குறைவு. பாதி விதை மண்ணிலேயே அழுகும். முளைத்தவையும் சாண் உயரத்தில் சவலையாக நிற்கும். டர்பனுக்கு மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆகவே தீபாவளியை ஒட்டித்தான் இங்கே வெண்டை, கத்தரி, பாகல், புடலை, சுரை எல்லாவற்றுக்கும் பட்டம். சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்தது. கார்த்திகையில் கோடை பிறப்பதைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

டர்பன் கணக்கை அப்படியே ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் தங்கைக்குச் சொல்லிவிடாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் நவம்பர் மாலைகளில் இடியோடு ஆலங்கட்டி விழும். இளநாற்றுக்கு மேலே வலை வேண்டும். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில்தான், கோடை காய்ந்து கிடக்கும், காற்றும் பலமாக அடிக்கும்.

அடுத்தது பந்தல். உயரமானதை வடக்கே வை என்று ஊரில் சொல்வது இங்கே தலைகீழ். டிசம்பர் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் அப்போது வித்தியாசம் தெரியாது. ஜூனில் வடக்கே சாய்ந்து 37 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். வடக்கே பந்தல் போட்டவர் அப்போது வெந்தயமும் கொத்தமல்லியும் நிழலில் சோம்பி நிற்பதைப் பார்ப்பார். பந்தல் பாத்திக்குத் தெற்கே இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் தவறு அதிகம். வேலை முடிந்து வந்து, இருட்டுகிற நேரத்தில், ஹோஸ் பைப்பைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுவது பலருக்குப் பழக்கம். டர்பன் காற்றே ஈரம். நனைந்த இலை விடியும்வரை காயாது. இலைப்புள்ளியும் அடிச்சாம்பல் நோயும் வர வேறெதுவும் தேவையில்லை. காலையில், வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள். டர்பனின் பெரியா (Berea) குன்றின் சிவப்பு மணல் உள்ள வீடுகளில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும். அங்கே மூடாக்கு இல்லாமல் கோடையைத் தாண்டுவது கஷ்டம். அதற்காக வெட்டிய பச்சைப் புல்லை மலைபோல் குவிக்கக் கூடாது, சூடேறி அழுகும். காயவைத்து, மூன்று விரல் கனத்துக்கு, தண்டை ஒட்டாமல் பரப்புங்கள். கிக்குயு புல்லில் கொடித்துண்டு இருந்தால் பொறுக்கி எறியுங்கள், பாத்தியிலேயே வேர் பிடித்துவிடும்.

உரம்: மிளகாய்க்கு எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரத்தைக் கையளவு கையளவாகப் போட்டுவிட்டு, செடி கருகருவென்று இருக்கிறது, பூவைக் காணோம் என்று அங்கலாய்ப்பார்கள். மூட்டையில் போட்டிருக்கும் 28 சதவீதமும் முழுக்கத் தழைச்சத்து, இலைதான் வரும். நட்டபோது மட்கிய எருவோடு கொஞ்சம் 2:3:2 (தழை, மணி, சாம்பல் சத்துகள் அந்த விகிதத்தில் கலந்த உரம்) போதும்.

அப்புறம் பிஞ்சு உதிர்வது. பூசணியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிர்ந்தால் கவலை வேண்டாம். பெண் பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். தொடர்மழையில் தேனீ வராது. மருந்து அடித்தால் வருகிற தேனீயும் போய்விடும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பூசணிக்கு விடிந்ததும், சுரைப்பூ விரிவதே பொழுது சாயும்போதுதான், காலையில் போய் நின்று பயனில்லை.

பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் புள்ளி, அதில் பிசின் கசிந்திருந்தால் அது பழ ஈ. அந்தக் காயைப் பறித்துக் குப்பைக்குழியில் போடுவது ஈயை வளர்ப்பதற்குச் சமம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். நல்ல பிஞ்சுக்குக் காகித உறை மாட்டுங்கள். குரங்குக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை.

எலுமிச்சையின் கொழுந்து கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தால் மரத்தையே மருந்தில் நனைத்துவிடுகிறார்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். குழிக்குள் தட்டையாக, மஞ்சளாக, செதில்போல் ஒன்று ஒட்டியிருந்தால் சைலிட் பூச்சியின் குஞ்சு இன்னும் இருக்கிறது. குழி காலி என்றால் அது பழைய தழும்பு. எந்த மருந்துக்கும் அந்த இலை சமனாகாது.

தைப்பூசக் காவடிக்கு வீட்டுச் சாமந்தி வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் விடுமுறைவரை காத்திருக்காதீர்கள். துலுக்கச் சாமந்தி விதைத்ததிலிருந்து பூக்க 8 முதல் 10 வாரம் ஆகும்; நுனி கிள்ளிவிட்டால் பூ அதிகம், நாளும் கொஞ்சம் கூடும். நவம்பர் நடுவுக்குள் விதைத்துவிடுங்கள். தவறினால் காவடிக்கு முந்தின நாள் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டியதுதான்.