மாரிக்கு முன் வீட்டு மின்சாரத்துக்குக் காவல்: எர்த்தில் இருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பில் இடி மின்னல் கூடி வரும் காலம் இரண்டு. பங்குனி, சித்திரையில் பின்னேரங்களில் கறுத்து வரும் மழை ஒன்று. ஐப்பசியில் தொடங்கி மாரி நன்றாக இறங்கும் வரை வருவது மற்றது. அதற்குப் பிறகு பழுது பார்க்கும் கடைகளில் டிவி, ரவுட்டர், பிரிட்ஜ் போர்ட் எல்லாம் அடுக்கிக் கிடக்கும். "எங்கட வீட்டில மின்னல் விழவே இல்லையே" என்பார்கள். வீட்டில்தான் விழ வேண்டும் என்றில்லை. கொஞ்சம் தள்ளி மின்கம்பத்திலோ தென்னையிலோ விழுந்தாலும், 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் சில ஆயிரம் வோல்ட் ஒரு கணம் ஏறி வந்துவிடும். இதைத்தான் சேர்ஜ் என்கிறோம்.

கடையில் சேர்ஜ் புரொடெக்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சேர்ஜை எர்த் கம்பி வழியாக நிலத்துக்குள் விட வேண்டும். ஆகவே எர்த் சரியில்லாத வீட்டில் அது பெரும்பாலும் அலங்காரம்தான். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். மெயின் பெட்டியைத் திறக்கிற வேலை எதையும் தகைமையுள்ள மின்வேலைக்காரரிடம் விடுங்கள். மீற்றரில் மின்சார சபை போட்ட சீலைத் தொடவே வேண்டாம்.

படி 1: எர்த்தைச் சரிபாருங்கள்

நம் நாட்டில் சாதாரண வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது லைவும் நியூட்ரலும்தான். எர்த், வீட்டுக்காரர் தன் வளவில் இறக்கும் கம்பி. அது எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்றி விட்டிருப்பார்கள். இடையில் குழாயை பிவிசிக்கு மாற்றியிருந்தால் அந்த வீட்டுக்கு இப்போது எர்த்தே இல்லை.

கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் எல்லாம் மணல். காய்ந்த மணலில் மின்சாரம் லேசில் இறங்காது. நாலடிக் கம்பியை அடித்துவிட்டுப் போனால் ஆவணி வெயிலில் அது சும்மா நிற்கும். ஈரம் தட்டும் ஆழம் வரை, எட்டடி அளவிலாவது, செம்பு பூசிய ரொட் இறங்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் ரொட்டின் நீளத்துக்காவது இடைவெளி விட்டு இரண்டாவதை அடித்து இரண்டையும் இணைக்கலாம். படுவான்கரை வயல் பக்கத்துக் களிமண்ணில் இந்தத் தொல்லை குறைவு. உப்புக் கொட்டினால் எர்த் நன்றாகும் என்று சொல்வார்கள். கொஞ்ச நாளைக்கு ஆகும், அப்புறம் ரொட்டையே அரித்துவிடும். வாவி ஓரத்திலும் கடற்கரையிலும் உப்புக் காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. வயரை முறுக்கிக் கட்டாமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். சேர்ஜுக்கு எர்த்தின் மின்தடை 10 ஓமோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது. "ட்ரிப் சுவிச் விழுகுது, அப்ப எர்த் நல்லம்தானே" என்ற கணக்குப் பிழை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் 100 ஓமிலும் விழும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனோ எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. அது சுவிச்சை மட்டும்தான் சோதிக்கிறது.

படி 2: எல்லா எர்த்தையும் ஒன்றாக்குங்கள்

டிஷ் அன்டனாவுக்கு ஒரு கம்பி, சோலாருக்கு ஒரு கம்பி, வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக விட்டால், மின்னல் நேரத்தில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும். அது டிவிக்குள்ளால்தான் பாயும். மூன்றையும் தடித்த செம்பு வயரால் இணைத்துவிடுங்கள்.

படி 3: மெயின் பெட்டியில் எஸ்.பி.டி. (சேர்ஜ் புரொடெக்டர்)

வாங்கும்போது மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். வீட்டுக்கு வேண்டியது டைப் 2. தொடர்ந்து தாங்கும் அளவு 275 வோல்டுக்குக் குறையக் கூடாது. உச்சத் தாங்குதிறன் 40 கிலோ அம்பியர், சேர்ஜ் வரும்போது வீட்டுப் பக்கம் விடும் வோல்ட் 1.5 கிலோவோல்டோ அதற்குக் குறைவோ இருந்தால் வீட்டுக்குப் போதும். கூரையில் இடிதாங்கி வைத்த கட்டடத்துக்கு டைப் 1 வேண்டும்.

பூட்டும் இடம் மெயின் சுவிச்சுக்குப் பிறகு, ட்ரிப் சுவிச்சுக்கு முன். பின்னால் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் ட்ரிப் விழலாம். ஆனால் முன்னால் போடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக் குழாய் (சேர்ஜ் வரும்போது மட்டும் கரண்டை விடும் சின்னத் துண்டு) உள்ள வகையாகவே இருக்க வேண்டும். எஸ்.பி.டி.யின் மேல் 1+1 என்று போட்டிருக்கும். மூன்று பேஸ் என்றால் 3+1. சாதாரண வகையைப் போட்டு அது உள்ளே சோர்ட் ஆகினால், வீட்டு எர்த் முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். அப்போது ட்ரிப் சுவிச்சும் காப்பாற்றாது.

அடுத்தது வயர் நீளம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சேர்ஜ் பாயும் வேகத்தில் ஒரு மீற்றர் நேர் வயரே ஏறத்தாழ 1000 வோல்டைத் தன் பங்குக்குக் கூட்டிவிடும். 1.5 கிலோவோல்ட் எஸ்.பி.டி.யை வாங்கி, மெயின் பெட்டி அழகாக இருக்கட்டும் என்று வயரை ஒரு மீற்றருக்கு ஓரமாக வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் டிவிக்குப் போவது 2500 வோல்ட். லைவிலிருந்து எஸ்.பி.டி., அங்கிருந்து எர்த் பார் (பெட்டிக்குள் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் துண்டு) வரை எல்லாம் சேர்த்து அரை மீற்றருக்குள், 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில், வளைவில்லாமல் முடியுங்கள். இதற்காகப் பெட்டிக்குள் மற்றவற்றை நகர்த்த வேண்டி வந்தாலும் நகர்த்தச் சொல்லுங்கள். வேலை செய்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

படி 4: பொருளுக்குப் பக்கத்தில்

டிவி, கணினிக்கு சேர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் போடலாம். அதை இரண்டு முனை அடப்டரில் செருகினால் எர்த் அறுந்துவிடும். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கில் நேரே போடுங்கள்.

படி 5: நீண்ட நேரம் ஏறும் வோல்ட்

கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம், அதுவும் நிமிடக் கணக்கில். எஸ்.பி.டி. அதற்கு ஆனதல்ல, சூடாகித் தானே கருகும். வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் வெட்டும் ஒரு ரிலேயைத் தனியாகப் போடுங்கள். பிரிட்ஜ் உள்ள வீட்டில் திரும்பக் கொடுக்கும் நேரத்தை 3 நிமிடம் ஆக்குங்கள்.

படி 6: இடி வரும்போது

மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணுங்கள். 3 செக்கன் என்றால் 1 கிலோமீற்றர். பிளக்கைக் கழற்றுவதானால் தூரத்தில் கேட்கும்போதே கழற்றுங்கள். 30 செக்கனுக்குள் வந்துவிட்டால் பிளக், டிஷ் வயர் எதையும் தொட வேண்டாம். சுவிச்சை ஓஃப் பண்ணுவது போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டும். பைபர் இணைப்பு உள்ளவர்களுக்குக் கண்ணாடி இழையால் ஒன்றும் வராது, ரவுட்டரின் அடப்டரை மட்டும் கழற்றினால் சரி. கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத் திரும்பச் செருகுங்கள்.

பெரிய இடி ஒன்று போனதும் எஸ்.பி.டி.யின் சின்ன ஜன்னலைப் பாருங்கள். பச்சை இருந்தால் விட்டுவிடலாம், சிவப்பு என்றால் உள்ளே இருக்கும் துண்டை மாற்ற வேண்டும். எர்த்தை ஆவணி வெயிலில் அளப்பதுதான் சரி. மாரியில் அளந்தால் எல்லா வளவும் நல்ல இலக்கம்தான் காட்டும்.