டைம்அவுட் ஆனதும் பஃபரை ஃப்ரீ செய்யாதீர்கள்

விர்ச்சுவல் மெஷினுக்குள் (விஎம்) இருந்து, டேட்டா வந்து இறங்க ஒரு பஃபரை, அதாவது மெமரியில் ஓர் இடத்தைக் கொடுத்து, டிஸ்க்கிடம் ஒரு ரீட் கேட்கிறோம். 30 விநாடி ஆகியும் பதில் இல்லை. எரர் கொடுத்துவிட்டு, அந்த பஃபரை ஃப்ரீ செய்துவிடுகிறோம். விர்ச்சுவல் டிவைஸ் டிரைவர்களில் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு இதுதான்.

தரமணியில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டால், பஸ் வராது என்றா அர்த்தம்? நாம் போன பிறகும் வரும். விஎம்மை ஓட்டும் வெளி மெஷினான ஹோஸ்ட்டும் அப்படித்தான். பஃபரின் முகவரி அதனிடமே இருக்கிறது. எவ்வளவு தாமதமானாலும் அங்கேதான் எழுதும். ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு பிழையை மூன்று நாள் தேடினோம். கிராஷ் ஆனது நெட்வொர்க் கோடில். கடைசியில் ஹெக்ஸ் டம்ப்பைப் பார்த்தால், பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லாக் ஃபைலின் வரிகள்! டிஸ்க் டிரைவர் விட்ட பஃபரில் பழைய ரீட் வந்து இறங்கியிருந்தது.

முதலில் டிவைஸை ரீசெட் செய்யுங்கள். விர்டியோவில் (விஎம்களின் டிவைஸ்களுக்கான பொது விதிமுறை) டிவைஸின் ஸ்டேட்டஸில் 0 எழுதினால் மட்டும் போதாது, திரும்பப் படித்தால் 0 வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஃப்ரீ. ரீசெட்டுக்கும் பதில் இல்லையா? அந்த மெமரியை அப்படியே விட்டுவிடுங்கள். லீக் ஆனால் கொஞ்சம் இடம்தான் போகும், அடுத்தவர் டேட்டா கெடாது.

எத்தனை விநாடி காத்திருப்பது? நிஜ டிஸ்க்கின் கணக்கு இங்கே செல்லாது. லைவ் மைக்ரேஷனில், அதாவது ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும்போது, விஎம்மே சற்று நின்று போகும். ஸ்டோரேஜும் பல நேரம் நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும். லினக்ஸின் என்விஎம்இ (எஸ்எஸ்டி டிஸ்க்குகளுடன் பேசும் முறை) டிரைவரில் டைம்அவுட்டின் இயல்பான அளவு 30 விநாடி. தன் கிளவுடில் நெட்வொர்க் வழியே தரும் இபிஎஸ் டிஸ்க்குகளுக்கு அதை முடிந்தவரை உயர்த்தி வைக்கச் சொல்கிறது அமேசான். அதற்காக சிபியுவைச் சுற்றவிட்டு முடிவில்லாமல் காத்திருப்பதும் சரியில்லை. லினக்ஸின் நெட்வொர்க் டிரைவரான விர்டியோ-நெட், டிவைஸுக்குக் கட்டளைகள் போகும் கன்ட்ரோல் கியூவில் நெடுநாள் அப்படித்தான் செய்தது, அதுவும் நெட்வொர்க்கின் பொது லாக்கைப் பிடித்துக்கொண்டு.

அடுத்தது நம்பிக்கை. 'ஹோஸ்ட் நினைத்தால் எதையும் படிக்கலாமே, அது தருவதைப் போய் எதற்குச் சரிபார்ப்பது?' என்ற வாதம் முன்பு எடுபட்டது. விஎம்மின் மெமரியை ஹோஸ்ட்டிடமிருந்தே காக்கும் ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் வந்த பிறகு ஹோஸ்ட் வெளியாள். முடிந்த ரிக்வெஸ்ட்களை ஹோஸ்ட் குறித்துவைக்கும் யூஸ்டு ரிங்கில் வரும் ஐடி கியூவின் அளவுக்குள் இருக்கிறதா, நீளம் நாம் கொடுத்த இடத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பார்க்கும் முன் மதிப்பை ஒரே முறை படித்து லோக்கல் வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்துவிட்டு ஷேர்டு மெமரியிலிருந்து மறுபடி படித்தால், இடையில் ஹோஸ்ட் அதை மாற்றியிருக்கலாம். கோடில் ஒரு முறை படிப்பதாக நீங்கள் எழுதியதை கம்பைலரே இரண்டு முறை படிக்கவைக்கவும் கூடும்; லினக்ஸில் ரீட்_ஒன்ஸ் (READ_ONCE) இருப்பது அதைத் தடுக்கத்தான்.

எல்லைக்குள் இருக்கும் ஐடி என்பதற்காகவும் ஏற்காதீர்கள். அந்த ஐடியில் இப்போது நிஜமாகவே ஒரு ரிக்வெஸ்ட் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள்.