கடை போர்டில் நான் கோட்டைவிட்ட இடங்கள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் என் டெய்லர் கடைக்கு நான் மாட்டிய முதல் போர்டில் கடைப் பெயர்தான் முக்கால்வாசி. 'டெய்லர்' என்ற சொல் மூலையில் சுண்டைக்காய் அளவு. “இன்னா கடைண்ணா இது?” என்று ஒரு மாதம் கேட்டார்கள். நம் தெருவில் தொழில் பெயர்தான் முதலில் தெரிய வேண்டும். அதையும் ஜனங்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். 'ஃபேஷன் ஸ்டூடியோ' என்று போட்டால் பிளவுஸ் தைக்க வருகிறவர் தயங்கித்தான் நிற்பார்.

மெயின் ரோட்டுக்கு ஏற்ற பெரிய போர்டைச் சந்தில் மாட்டுவது அடுத்த தவறு. எட்டடிச் சந்தில் அதை அண்ணாந்துதான் படிக்க வேண்டும். நடந்து வருகிறவருக்கோ, சுவரோடு ஒட்டிய போர்டு பக்கவாட்டில் வெறும் கோடு. வாசலோரம் கண்ணுக்குச் சற்று மேலே சின்னதாக ஒன்று வையுங்கள், பாதையில் நீட்டாமல். பத்தடிக்கு ஓரங்குல எழுத்து என்பார்கள். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சுழியும் புள்ளியும் ஒட்டிக்கொண்டால் ஒன்றும் புரியாது.

பிரிண்ட் போகும் முன் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஃபான்ட் மாறினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் அதைக் கவனிப்பான் என்று நம்பாதீர்கள். தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, வேறு மொழி கடைசியில், இடம் 5:3:2. இது அரசு விதி.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று. பெயின்ட் அடிக்காத இரும்பு ஃபிரேமை அது சும்மா விடாது. ஃபிரேம் தளர்ந்தால் புயலில் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பரில் வர்தா காட்டியது. ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுக்கும்போது மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் போகும். என் இரண்டாவது போர்டில் அம்மன் படம் போட்டிருந்தேன். கடைசியில் அம்மன் நீலமாகிவிட்டாள்.

மூன்றாவதைத் தகரத்தில் எனாமல் பெயின்டால் கையால் எழுத வைத்தேன்: மஞ்சளில் கறுப்பு, மேலே 'டெய்லர்', கீழே பெயர். மூடிய பிறகும் அகஸ்தியா தியேட்டரை வைத்து வழி சொல்கிற ஊர் இது. போன வாரம் எதிர்க் கடைக்காரர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “மஞ்சா போர்டு டெய்லர் கடை இருக்குல்ல, அதுக்கு நேர் எதிர்க்க.”