புரளி என்று முடிவு செய்வது யார்?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் போட்டது போட்டபடி ஓடினார்கள். சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பிறகு இத்தகைய செய்திகள் வாடிக்கையாகிவிட்டன. இன்று அலுவலகத்துக்கு மிரட்டல் என்றால், "எவனோ வேலைவெட்டி இல்லாதவன்" என்று டீயைக் கீழே வைக்காமலே சொல்கிற மேலாளர்கள் உண்டு.

1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிக்கும் முன்பே தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தது. நூற்றில் தொண்ணூற்றொன்பது புரளியாகவே இருக்கட்டும், மிச்சம் எது என்பதை இருக்கையில் உட்கார்ந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அதைப் போலீஸ் சொல்லட்டும். 100 அல்லது 112-ஐ அழைப்பதோடு நம் தீர்ப்பு முடிகிறது.

மிரட்டல் போனில் வந்தால் பதறிப்போய் டக்கென்று வைத்துவிடுகிறோம். வைக்காதீர்கள். பேச்சை வளர்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவருக்குச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். குண்டு எங்கே, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்ட ரயில் சத்தமோ கோயில் ஒலிபெருக்கியோகூட விசாரணைக்கு உதவும். மின்னஞ்சல் என்றால் அழிக்கவோ பதில் போடவோ கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம். பீதி பரவும், துப்பு மட்டும் கிடைக்காது. அனுப்பியவரைத் தேட உதவும் விவரங்கள் அசல் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன.

அடுத்தது, நம்ம ஊர் வீரம். கேட்பாரற்ற பையைக் காலால் தள்ளிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது. தொடாதீர்கள், பக்கத்தில் நின்று செல்போனும் வாக்கிடாக்கியும் பயன்படுத்தாதீர்கள். ஊழியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தன் மேசையைச் சுற்றிக் கண்ணால் பார்த்து, தனக்குத் தெரியாத பொருள் இருந்தால் சொல்வது. எது அங்கே இருக்கக் கூடாதது என்று வெளியிலிருந்து வரும் போலீஸைவிட அவருக்குத்தான் தெரியும். அதனால்தான் வெளியேறும்போது சொந்தப் பையைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறார்கள். விட்டுப்போன ஒவ்வொரு பையும் சோதனையை இழுத்தடிக்கும்.

வெளியே வந்தவர்கள் நிற்கும் இடம்தான் எனக்குப் பெரிய கவலை. தீயணைப்புப் பயிற்சியில் நின்ற அதே கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிச் சுவருக்குக் கீழே வரிசையாக நிற்கிறோம். பெட்டி அளவு குண்டுக்கே குறைந்தது 46 மீட்டர், முடிந்தால் 560 மீட்டருக்கு மேல் விலகச் சொல்கிறது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அட்டவணை. அவ்வளவு இடம் நம் தெருக்களில் ஏது? அடுத்த தெருவில் ஒரு மைதானத்தையோ மண்டபத்தையோ முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியதுதான். தீ விபத்தில் கதவை மூடிவிட்டு வருவோம். குண்டு மிரட்டலில் திறந்தே விட்டுவிட்டு வர வேண்டும்.

இத்தனை திட்டமும் பெரும்பாலும் மனிதவளத் துறையின் அலமாரியில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு போனை எடுக்கப்போகிறவரோ வாசல் காவலாளி. கேட்க வேண்டிய கேள்விகளும் அழைக்க வேண்டிய எண்களும் தமிழில் எழுதிய ஒரு தாள் அவர் மேசையில் இருக்கிறதா?