சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி: அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டு நிலத்தை அளங்க

சர்வேயர்ங்கற சொல்லுக்குள்ள அளக்கறதுன்னு ஒண்ணுமே இல்லீங்க. லத்தீன்ல சூப்பர்னா மேலே, விதேரேன்னா பார்க்கறது, அது ரெண்டும் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போய் மேற்பார்வை பாக்கறவர்னு ஆச்சு, நிலம் அளக்கற அர்த்தம் அப்புறம் ஒட்டிக்கிட்டதுதான். நம்ம பேரு நேரா விஷயத்துக்கு வந்துடும், நில அளவர். ராஜராஜ சோழன் காலத்துல 1001 வாக்குல சோழ நாட்டுல நிலம் அளந்தப்போ அதை நடத்தின அதிகாரிக்கு உலகளந்தான்னே பட்டம், அளந்த கோலு உலகளந்த கோல், 16 சாண். எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு இது.

உங்க நிலத்துக்கு இந்த ரெண்டு பேரோட அர்த்தமும் வேணும், முதல்ல பாக்கணும், அப்புறம்தான் அளக்கணும்.

பட்டாவுல இருக்கற சர்வே நம்பரும் உட்பிரிவும் போட்டா ஆன்லைன்லயே எஃப்எம்பி ஸ்கெட்ச் கிடைக்கும், அதாவது உங்க நிலத்தோட எல்லையும் அளவும் போட்ட படம், தமிழ்ல புலப்படம். புலம்னா வயல், கண்ணுல படறதும் புலம்தான், எவ்வளவு பொருத்தம் பாருங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு வரப்பைச் சுத்தி நடங்க, படத்துல இருக்கற ஒவ்வொரு மூலையிலயும் கல்லு இருக்கான்னு தேடுங்க. எங்க வயல்ல வடகிழக்குக் கல்லு காணோம்னே நினைச்சோம், கருவேல முள்ளை வெட்டிட்டு மண்வெட்டியால மெல்ல கொத்தினா அரை அடி ஆழத்துல தலை தெரிஞ்சுது.

அடுத்தது அளவு. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பழைய படத்துல நீளம் லிங்க்ஸ்ல இருக்கும், அதை அடின்னு நினைச்சு பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க! இங்கிலாந்துல எட்மண்ட் கன்டர் 1620ல கொண்டு வந்த சங்கிலி 66 அடி, அதுல 100 கண்ணி, ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 7.92 அங்குலம். அதனால லிங்க்ஸை 0.66 ஆல பெருக்குங்க, 250 லிங்க்ஸ்னா 165 அடி. 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், 100 சென்ட் ஒரு ஏக்கர். புதுப் படம்னா பெரும்பாலும் மீட்டர்ல இருக்கும், எதுல இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க.

இதுக்கப்புறம் அத்து, அதாவது எல்லை காட்டச் சொல்லி தமிழ்நிலம் வெப்சைட்டுல மனு போடுங்க. அளக்கற அன்னைக்கு நாலு பக்கத்துக்காரங்களையும் நீங்களே போய்க் கூப்பிடுங்க. கல்லு நட்டதும் கிணத்து மூலையில இருந்தும் ஒரு மரத்துல இருந்தும் கல்லுக்கு டேப் பிடிச்சு ரெண்டு தூரத்தையும் ஸ்கெட்ச் பின்னாடியே குறிச்சு வைங்க, நாளைக்கு டிராக்டர் இடிச்சு கல்லு சாஞ்சாலும் இருந்த இடம் தெரியும்.